பித்தப்பைப் புற்றுநோயில் ஈ-கேடரின்: ஆய்வுக் கட்டுரையைப் படிப்படியாகப் படிக்கலாம்

ஈ-கேடரின் என்பது செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒரு புரதம். "ஈ-கேடரின் குறைந்த கட்டிகள் அதிகம் பரவின, அந்த நோயாளிகள் சீக்கிரம் இறந்தார்கள்" என்று ஒரு கட்டுரையின் சுருக்கம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பலாமா? ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: புரதத்தின் வேலை
ஈ-கேடரின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கிறது. செங்கற்களுக்கு நடுவே சாந்து போல, பக்கத்துச் செல்லோடு பிணைத்து வைக்கிறது. அது குறைந்தால் செல் கூட்டத்தை விட்டு நகரலாம். பித்தப்பையில் இது கூடுதல் ஆபத்து. அதன் சுவருக்கு, குடலில் உள்ளது போன்ற சப்மியூகோசா அடுக்கு (உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவே உள்ள அடுக்கு) கிடையாது. கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் இல்லை. தசையைத் தாண்டிய கட்டிக்குக் கல்லீரல் கைக்கெட்டும் தூரம்தான்.

படி 2: யாருடைய திசு?
பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் எடுத்தது. ஆனால் இந்த நோய் பலருக்கு முற்றிய பிறகே தெரியவருகிறது, அவர்களுக்கு அறுவை சிகிச்சையே நடப்பதில்லை. ஆகவே முடிவு எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது.

படி 3: பழுப்பு நிறம்
பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஈ-கேடரினோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் உள்ள இடம் பழுப்பாகும், செல்லின் உட்கரு நீலமாகும். படத்தில் முதலில் கட்டியைப் பார்க்காதீர்கள்! பக்கத்தில் உள்ள இயல்பான பித்தப்பை உட்படலத்தைப் பாருங்கள். அது பழுப்பாகவில்லை என்றால் சாயமே சரியாக ஏறவில்லை. அந்த ஸ்லைடில் "புரதம் இல்லை" என்று சொல்வதற்கு மதிப்பில்லை. அப்புறம், பழுப்பு சவ்வில் கோடாக இருக்கிறதா, செல்லுக்குள் கலங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கிடக்கும் ஈ-கேடரின் செல்களைப் பிணைக்காது.

படி 4: எல்லைக்கோடு
பழுப்பான கட்டிச் செல்கள் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் "குறைவு"? முன்கூட்டியே முடிவு செய்தார்களா, அல்லது நல்ல முடிவு வரும்வரை எண்ணை மாற்றினார்களா? இரண்டாவது என்றால் எனக்கு அந்தக் கட்டுரை மேல் நம்பிக்கை வராது.

படி 5: உயிர்வாழ்வு வரைபடம்
காலம் போகப்போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கப்லான்-மையர் வரைபடத்தில் இரண்டு கோடுகள் விலகிப் போவதைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள். ஈ-கேடரின் குறைந்தவர்களுக்கு நோய் ஏற்கெனவே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால், ஆயுளைக் குறைத்தது நோய் அப்படிப் பரவியதாகவும் இருக்கலாம். அதனால் பல காரணிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட காக்ஸ் அட்டவணையைத் தேடுங்கள். நோயின் நிலை, கணுக்கள் எல்லாம் சேர்த்த பிறகும் புரதத்துக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு தாக்குப்பிடிக்கிறதா? ஆபத்து விகிதம் 2 என்றால் எந்த ஒரு நேரத்திலும் இறப்பு வேகம் இரு மடங்கு என்று பொருள். ஆயுள் பாதியாகும் என்று பொருளல்ல.

படி 6: சிகிச்சைக்கு உதவுமா?
போக்கை மட்டும் சொல்லும் குறியீடு வேறு, மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் குறியீடு வேறு. ஈ-கேடரினை வைத்து இன்று மருந்து தருவதில்லை. சில கட்டிச் செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஹெர்-2 என்ற புரதம் அப்படியல்ல: சாயச் சோதனையில் அது 3+ ஆக (மிக அடர்த்தியாக) இருக்கும் பித்தநாள வகைப் புற்றுநோய்களுக்கு (பித்தப்பைப் புற்றுநோயும் இதில் அடங்கும்), முன்பு சிகிச்சை பெற்றவர்களுக்கான மருந்தாக ஜானிடாடமாப்பை அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2024இல் அனுமதித்தது. வீட்டில் யாருக்காவது முற்றிய பித்தப்பைப் புற்றுநோய் இருந்தால், "ஹெர்-2 பார்த்தாயிற்றா டாக்டர்?" என்று கட்டாயம் கேளுங்கள்.