மேல் வீட்டுக்காரங்ககிட்ட பேசப் போறதுக்கு முன்னாடி

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீட்டுல நாற்காலி இழுக்குற சத்தம், சிங்கப்பூர்ல எச்டிபிங்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல இருக்கிற நம்ம பல பேருக்கு இது பழக்கம்தான், ஆனா அந்தக் கோவத்தோடயே லிஃப்ட் ஏறிப் போய் கதவத் தட்டுனா அவங்களும் குரல உயர்த்துவாங்க, சத்தம் மட்டும் நிக்காது. அடுத்தவங்க நம்ம பேச்சக் கேக்கணும்னா முதல்ல நம்ம கோவம் நம்ம சொல்லக் கேக்கணும்ங்க.

"இனிமே கோவப்படவே மாட்டேன்"னு பொதுவா சபதம் எடுத்தா நிலைக்காது. "ராத்திரி சத்தம் கேட்டா அப்பவே போக மாட்டேன், மறுநாள் சாயங்காலம்தான் போவேன்"னு, இது நடந்தா இதச் செய்வேன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வைங்க. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியல் பேராசிரியர் 1999ல எழுதின கட்டுரையில இந்த முறையத்தான் விளக்கியிருக்காரு, கோவத்துல யோசிக்க வேண்டிய வேலை மிச்சம், அந்தச் சூழ்நிலையே நமக்கு ஞாபகப்படுத்திடும்.

கதவுக்கு வெளிய நின்னு, மூச்ச இழுத்த நேரத்தவிட அதிக நேரம் எடுத்து மெதுவா விடுங்க, நெஞ்சுப் படபடப்பு குறையும். அப்புறம் குறை சொல்லாம, "ஆன்ட்டி, அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, நாற்காலி கால்ல ஒட்டுற ஃபெல்ட் வாங்கிட்டு வந்திருக்கேன், ஒட்டித் தரட்டுமா?"ன்னு கேளுங்க. ஹார்ட்வேர் கடையில ஈஸியா கிடைக்கும். இப்படிக் கேக்குறவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது.

அப்பவும் சரிவரலைன்னா சண்டைக்குப் போகாதீங்க, 1998லேர்ந்து இங்க கம்யூனிட்டி மீடியேஷன் சென்டர் இருக்கு, ரெண்டு பேரையும் உக்கார வச்சு சமரசம் பேசுவாங்க.