மருந்து அடிக்காத மூங்கில் வீடும் கூரையோரத்துத் தேனீயும்

சொந்தக் கையால் மூங்கில் வீடு கட்டுகிறவர்கள் பலர் பூச்சியைப் பற்றி யோசிப்பதே வீடு முடிந்த பிறகுதான். இரண்டாம் வருஷம் சுவரடியில் மஞ்சள் மாவு கொட்ட ஆரம்பிக்கும், உடனே கடையில் கிடைக்கிற மருந்தை வாங்கி வீடு முழுக்க அடிப்பார்கள், அந்த வாரமே முருங்கைப் பூவுக்கு வந்துபோன தேனீயைக் காணோம். மூங்கிலை வெட்டும்போதே ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்த மருந்துக்கு வேலையே இல்லை. பர்மாவில் பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் கொஞ்சம் தோட்டத்தோடு குடியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த மஞ்சள் மாவைக் கொட்டுகிற உளுவண்டு வருவது மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான். அதைக் குறைப்பதுதான் முழு வேலையும். மழைக்காலத்தில், குருத்து விடும் நேரத்தில் வெட்டவே கூடாது. மழை ஓய்ந்து, நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வெட்டுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கில் வேண்டாம். இளசு என்றால் கணுவில் பாளை ஒட்டியிருக்கும், தண்டில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். முற்றியதில் பச்சை மங்கி, ஆங்காங்கே சாம்பல் நிறப் பாசித் திட்டு இருக்கும், கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். தரைக்கு மேலே முதல் கணுவை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாது, புதரும் பிழைக்கும்.

வெட்டியதை உடனே கீழே சாய்க்காதீர்கள். இலை தழையோடு ஒரு கல்லின் மேல் நிறுத்தி, புதரிலேயே சாய்த்து ஒன்றிரண்டு வாரம் விடுங்கள், இலை காய்வதற்குள் உள்ளே இருக்கும் சத்தில் ஒரு பங்கைத் தீர்த்துவிடும். அப்புறம் கிளை கழித்து, ஓடும் தண்ணீரில் கல்லேற்றி ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஊறவிடுங்கள். நாற்றம் அடிக்கும், அடிக்கட்டும். ஐராவதியில் மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்களே, வழியிலேயே இந்த வேலையும் பாதி நடந்துவிடுகிறது. எடுத்தபின் நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

ஆறோ ஓடையோ பக்கத்தில் இல்லையென்றால் போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலில் ஊறவைக்கலாம். ஆனால் இரண்டு விஷயம். மழை பட்டால் அது கரைந்து போய்விடும், அதனால் உள்பக்க வேலைக்கு மட்டும்தான் உதவும். ஊறவைத்த தொட்டியைத் திறந்துபோடவும் கூடாது, தேனீ தண்ணீர் தேடி வந்து அதைக் குடித்துச் சாகும். மூடிவைத்துவிட்டு, பத்தடி தள்ளி ஒரு அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். கல் மேல் உட்கார்ந்து குடிக்கும், முழுகாது.

மோல்மேனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அப்படிப்பட்ட ஊரில் மூங்கில் கால் மண்ணைத் தொட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது. கல் அல்லது கான்கிரீட் கட்டை மேல் காலை நிறுத்துங்கள், இறவாரத்தை மூன்றடியாவது வெளியே இழுங்கள். காலுக்குக் கனமான மூங்கில், தட்டி பின்ன மெல்லிசான தின்வா, குழாயில் அடைத்துக் கவுனிச் சோறு வேகவைத்து விற்பார்களே அதே மூங்கில்தான். கூரைக்கு நீர்ப்பனை ஓலை, நெருக்கி வேய்ந்தால் மூன்று நான்கு மழைக்காலம் தாங்கும். அடுப்புப் புகை கூரைக்குப் போக வழி விடுங்கள், ஓலைக்கும் நல்லது, மூங்கிலுக்கும் நல்லது.

மிச்சமாகும் துண்டுகளை எரிக்க வேண்டாம். ஒரு பக்கம் கணு மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பென்சில் பருமனிலிருந்து விரல் பருமன் வரை துளை உள்ளவையாகக் கட்டி, மழை படாமல் இறவாரத்தில் கிடையாகத் தொங்கவிடுங்கள். கூட்டமாக வாழாத தனித் தேனீக்கள் அதில் முட்டையிட்டு வாயை மண்ணால் அல்லது இலைத் துண்டால் அடைக்கும். பெரிய கருப்பு வண்டு மூங்கிலில் வட்டமாகத் துளை போட்டால் பயந்து அடிக்காதீர்கள், அதுவும் தேனீ இனம்தான், பூசணிக்கும் பாகலுக்கும் அது வேண்டும். இந்தத் துண்டுகள் இருந்தால் வீட்டு மூங்கிலை அது துளைப்பது குறையலாம்.

சரி, அடுக்குத் தேனீ உங்கள் சுவருக்குள்ளேயே கூடு கட்டிவிட்டால்? இடைஞ்சல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் மாலை மங்கும் நேரத்தில், கொஞ்சமாகப் புகை காட்டி, புழு இருக்கும் அடையை மட்டும் கத்தியால் அறுத்து, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி தேனீப் பெட்டியின் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். அறைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தலைகீழாக வைத்தால் வீண். தேன் நிறைந்த அடையைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஒழுகி எறும்பைக் கூட்டும். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை தானே பின்னால் போகும். சில நாளில் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டி, நாரைக் கடித்துக் கடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் குடியேறிவிட்டது என்று நம்பலாம்.

மழை தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆகவே பெட்டி வாசல் கிழக்கே பார்க்கட்டும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அடுக்குத் தேனீ கோபக்கார இனம் இல்லை, ஆனால் எறும்பு, பசி, அடிக்கடி திறந்து பார்ப்பது, இதில் எது வந்தாலும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் கொடுத்துவைத்தவர்கள், இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பு நுனியிலேயே தேன் சுரக்கும். ஏப்ரலில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னே தேன் எடுங்கள், ஆனால் மழைக்காலம் முழுக்க அவை தின்ன வேண்டும் என்பதை நினைத்து அளவாக எடுங்கள். முழுசாகச் சுரண்டிவிட்டு ஜூலையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உயர்ந்த மரத்தில் தொங்கும் மலைத்தேனீ பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிற இனம். தீப்பந்தத்தால் கூட்டத்தையே எரித்துத் தேன் எடுப்பதை நிறுத்துங்கள். தேன் அடையின் மேல்மூலையில்தான் இருக்கும், அந்தப் பகுதியை மட்டும் அறுத்தால் புழுக்கள் பிழைக்கும், தேனீ அங்கேயே தங்கி மறுபடியும் சேர்க்கும். இரவில் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் கண்டால் மலைத்தேனீ இறங்கிவரும்.

பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவார்கள், ஜனவரி வாக்கில் பூக்கும். பூ இருக்கும்போது மருந்து அடிக்காமல் இருந்தால் ரொம்ப நல்லது. அடித்தே ஆகவேண்டும் என்றால் தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிக்கச் சொல்லிப் பக்கத்து வயல்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். காலையில்தான் அடிப்பேன் என்றால் முந்தின நாளே சொல்லச் சொல்லுங்கள், இரவே பெட்டி வாசலைக் கம்பி வலையால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, மறுநாள் பொழுது சாயும் வரை சாக்கை நனைத்துக்கொண்டே இருந்து, அதன்பின் திறந்துவிடலாம்.