'போவோம்' என்றால் இரேமோஸ் இல்லை: ஸ்பானிஷ் 'இபா'வில் வரும் தவறுகள்

"சீசனுக்குக் குற்றாலம் போவோம், எண்ணெய் தேய்ச்சு அருவியில குளிப்போம்" என்று திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் பழசைப் பேசினால், நடந்துமுடிந்த காலத்தைச் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும். வினை மட்டும் எதிர்கால உருவில் நிற்கிறது. ஸ்பானிஷ் படிக்கும் நம்மாட்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். 'போவோம்' என்றதும் கை தானாக 'இரேமோஸ்' என்று எழுதும். அது இனிமேல் போகப்போவது. பழைய வழக்கத்துக்கு, 'போ' என்ற 'ஈர்' வினையின் முடிவைக் காட்டாத இறந்தகாலமான 'இபா'வின் 'நாம்' உருவம் 'இபாமோஸ்' வேண்டும்: 'காதா ஆன்யோ இபாமோஸ் ஆ குற்றாலம்', வருஷாவருஷம் குற்றாலம் போவோம். வாக்கியத்தில் 'அப்பல்லாம்' சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் இபா வகைதான்.

'போனேன்' இரண்டு பக்கமும் இழுக்கும். ஒரு தடவை போய் முடிந்தது 'ஃபுயி'. மூன்று தடவை போனாலும் ஃபுயிதான் (ஃபுயி த்ரேஸ் பேசேஸ்). பலமுறை என்பதால் இபா ஆகிவிடாது, எண்ணிச் சொன்னதும் கணக்கு மூடிவிடுகிறது. 'பாளையங்கோட்டைக் காலேஜுக்கு அஞ்சு வருஷம் போனேன்' என்பதற்கும் அதே கதி.

ஜங்ஷனுக்குப் போய்க்கிட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டால், போனது இபா, மழை பிடித்தது முடிந்த இறந்தகாலம்: 'இபா ஆல் ஜங்ஷன் குவாந்தோ எம்பேசோ ஆ யொபேர்'. 'கிட்டிருந்தேன்' என்பதை அப்படியே பெயர்த்து 'எஸ்தாபா யேந்தோ' என்றால் காதில் இடறும். இபாவே போதும்.

'கூப்பிடலாம்னு இருந்தேன், தூங்கிட்டேன்' என்பது 'இபா ஆ யாமார்தே, பேரோ மே தொர்மி'. நடுவில் உள்ள 'ஆ' பேச்சில் இபாவின் கடைசி ஒலியோடு கரைந்துபோகும். காதில் விழாததால் எழுத்திலும் விட்டுவிடுகிறார்கள். எழுதியே ஆகவேண்டும்.

உருவங்கள்: இபா, இபாஸ், இபா, இபாமோஸ், இபாயிஸ், இபான். மூலவினை 'ஈர்' என்பதால் 'ஈயா' விகுதி ஒட்டாதீர்கள். இந்தக் காலத்தில் செர் (இரு), ஈர் (போ), பெர் (பார்) மூன்றும் விதிக்கு அடங்காதவை. எழுத்து பி, வி அல்ல. இபாமோஸில் மட்டும் முதலெழுத்தின் மேல் சாய்கோடு. அழுத்தம் எல்லாவற்றிலும் 'இ'யில்தான். உதட்டை இறுக்கி 'இப்பா' என்னாமல் மெல்ல விடுங்கள்.

தமிழில் போனேன், போனான் என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். இபா நானுக்கும் பொது, அவனுக்கும் அவளுக்கும் பொது. குழம்புமிடத்தில் 'யோ' (நான்), 'எல்' (அவன்) சேர்ப்பது நல்லது. பெரியவரிடம் 'நீங்க போவீங்களா' என்று கேட்கவும் இபாதான், 'உஸ்தெத்' சேர்த்து. 'இபாஸ்' என்றால் 'நீ' ஆகிவிடும்.