ஆறு ஆக்ரிலிக் வண்ணங்களில் மாந்தோப்பும் கற்குன்றும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் வழியில் செம்மண் நிலமும் மாந்தோப்பும் அவற்றுக்குப் பின்னால் மொட்டைக் கற்குன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடங்கள் பல உள்ளன. ஆக்ரிலிக் வண்ணம் பழகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து. இந்தக் காட்சியைத் தீட்ட இருபத்துநான்கு குப்பிகள் கொண்ட பெட்டி தேவையில்லை. நான் விரும்பிப் பயன்படுத்தும் ஆறு வண்ணங்களைத் தனித்தனி டியூபுகளாக வாங்கினால் போதும்.

முதல் படி: வண்ணங்களைத் தேர்ந்தெடுத்தல்

வாங்க வேண்டியவை டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரீன் ப்ளூ ஆகியவை. வெள்ளை மற்றவற்றைவிட வேகமாகத் தீரும் என்பதால் அதை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். பச்சையும் கறுப்பும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. கடையில் கிடைக்கும் பச்சையை அப்படியே பூசினால் எந்த மரமும் அதே பச்சையாகிவிடும். கறுப்பைக் கலந்தால் நிழல் உயிரற்றுப் போகும். இரண்டையும் நாமே கலந்து பெறலாம்.

இந்த ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது பர்ன்ட் சியன்னா. இரும்புச் சத்துள்ள மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் செம்பழுப்பாக மாறும்; அந்த நிறமே பர்ன்ட் சியன்னா. சுடாத நிலையில் இருக்கும் மஞ்சள் காவியின் நிறம் எல்லோ ஆக்கர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே இரும்பு ஆக்சைடுதான் என்பதால், இந்த இரண்டு வண்ணங்களும் நம் நிலத்தோடு எளிதாகப் பொருந்துகின்றன. டியூபிலிருந்து எடுத்த பர்ன்ட் சியன்னாவில் சிறிது எல்லோ ஆக்கரும் மிகச் சிறிதளவு வெள்ளையும் சேர்த்தாலே உழுது காய்ந்த வயலின் நிறம் வந்துவிடும்.

அல்ட்ராமரீன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் நீலக்கல்லைப் பொடித்து எடுக்கப்பட்ட, மிகவும் விலையுயர்ந்த நிறமி. அதைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக ஃபிரான்சின் ழான் பப்டிஸ்ட் கிமே 1828ஆம் ஆண்டில் பரிசு பெற்றார். அதன்பின் அது எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வந்தது. வெள்ளைத் துணிக்கும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புக்கும் நம் வீடுகளில் சேர்த்துவந்த நீலப் பொடியும் இந்த நிறமியே. இந்த நீலத்தில் சிவப்புச் சாயல் மறைந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள், பச்சை கலக்கும்போது அது முக்கியமாகும்.

இரண்டாம் படி: வறண்ட காற்றுக்கு ஏற்பாடு செய்தல்

ஆக்ரிலிக் வண்ணம் என்பது நிறமித் தூளும் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பசையும் சேர்ந்த கலவை. நீர் ஆவியானதும் பசைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. பிறகு அதைத் தண்ணீரால் கரைக்க முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர்க் காற்றில் மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே உலர்ந்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்தால் கலந்த வண்ணம் தட்டிலேயே தோல் கட்டும்.

இதற்கு ஈரத்தட்டு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். மூடி உள்ள தட்டையான டப்பா ஒன்றில் பருத்தித் துணியை நான்காக மடித்துப் பரப்பி, அது முழுவதும் நனையும்படி நீர் ஊற்றி, தேங்கி நிற்கும் நீரை வடித்துவிட்டு, மேலே கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பட்டர் பேப்பரை வையுங்கள். அதன்மேல் வைக்கும் வண்ணம் பல மணி நேரம் உலராது. இரவில் மூடி வைத்தால் மறுநாளும் பயன்படும்.

தீட்டுவதற்கு ஏ4 அளவுள்ள கேன்வாஸ் போர்டு போதும். அதில் பொதுவாகக் கெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு முன்பே இருக்கும். அரை அங்குல அகலமுள்ள தட்டைத் தூரிகை ஒன்று, நடுத்தர உருண்டைத் தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று ஆகிய மூன்றும் நைலான் இழையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: கலந்து பார்த்தல்

படத்தைத் தொடங்கும் முன் ஒரு தடித்த தாளில் இரண்டு கலவைகளை மட்டும் பழகுங்கள். முதலாவது, அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். இரண்டையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தால் கறுப்புக்கு நெருங்கிய அடர் நிறம் கிடைக்கும். அதில் ஒரு துளி எடுத்து வெள்ளையோடு சேர்த்தால் சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் அது குளிர்ந்த சாம்பலாகவும், சியன்னா கூடினால் வெயில் பட்ட பாறையின் பழுப்புச் சாம்பலாகவும் மாறும். நீலத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே ஐந்தாறு கட்டங்கள் பூசி வையுங்கள். கற்குன்று முழுவதையும் இந்தக் கட்டங்களிலிருந்தே எடுக்கப் போகிறோம்.

இரண்டாவது, அல்ட்ராமரீனும் லெமன் எல்லோவும். நீலத்திலுள்ள சிவப்புச் சாயல் காரணமாகக் கிளிப்பச்சை வராமல், சற்று அடங்கிய பச்சையே வரும். முற்றிய மாவிலைக்கு அதுதான் வேண்டும். இன்னும் அடர்த்தி தேவைப்பட்டால் பர்ன்ட் சியன்னாவைச் சிறிது சேருங்கள்.

ஈரத்தில் பசை பால்போல் வெளுத்திருக்கும், உலர்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஆகவே எந்தக் கலவையும் உலர்ந்த பின் சற்று அடர்ந்தே தெரியும். தேவையானதைவிட ஒரு படி வெளிர்ந்த நிறமாகக் கலப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அடிநிறமும் வானமும்

பர்ன்ட் சியன்னாவில் நீர் சேர்த்து, போர்டு முழுவதும் மெல்லிய பூச்சாகத் தடவி உலரவிடுங்கள். பிறகு மேலே பூசும் நிறங்களுக்கு இடையே இந்தச் செம்மை ஆங்காங்கே எட்டிப் பார்த்து, வானையும் பாறையையும் மரத்தையும் ஒரே நிலத்தைச் சேர்ந்தவையாகக் காட்டும். வானத்துக்கு மிகுதியான வெள்ளையில் சிறிதளவு அல்ட்ராமரீன் போதும். அடிவானத்தை நெருங்கும்போது எல்லோ ஆக்கரின் சாயலைச் சேருங்கள். கோடைக்கால வானம் இங்கே ஆழ்ந்த நீலமாக இருப்பது அரிது.

ஐந்தாம் படி: குன்று

முதலில் குன்றின் முழு வடிவத்தையும் நடுத்தரச் சாம்பலில் தட்டைத் தூரிகையால் நிரப்புங்கள். உலர்ந்ததும், வெயில் படாத பக்கத்தில் நீலம் கூடிய அடர் சாம்பலை வையுங்கள். நம் பாறைகளில் மழைநீர் வழிந்த தடங்கள் மேலிருந்து கீழாகக் கரிய கோடுகளாகத் தெரியும். மெல்லிய தூரிகையில் அடர் கலவையை நீர்க்கத் தொட்டு, பாறையின் வளைவைப் பின்பற்றி அவற்றை இழுங்கள். நேர்கோடாக இழுத்தால் பாறை சுவராகிவிடும்.

வெள்ளையைக் கடைசிவரை காத்திருக்கச் செய்யுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் உள்ள பழங்காலப் பாறை ஓவியங்கள் வெள்ளை நிறத்திலேயே தீட்டப்பட்டவை; கரும்பாறையின்மேல் சிறிதளவு வெள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்பதை அவற்றில் காணலாம். தூரிகையில் ஈரமே இல்லாமல், எல்லோ ஆக்கர் கலந்த வெள்ளையைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, பாறையின் மேல் விளிம்பில் மட்டும் மெல்ல உரசுங்கள். சொரசொரப்பு தானாக வரும்.

ஆறாம் படி: வயலும் மாமரமும்

வயலுக்கு முன்பு சொன்ன செம்மண் கலவையைக் கிடைக்கோடுகளாகப் பூசுங்கள். தொலைவில் வெள்ளை கூடுதலாகவும், அருகில் பர்ன்ட் சியன்னாவும் ஒரு துளி கிரிம்சனும் கூடுதலாகவும் இருக்கட்டும்.

மாமரத்தை இலை இலையாகத் தொடங்காதீர்கள். அடர் பச்சையில் குடைபோன்ற மொத்த உருவத்தை வைத்து, வானம் தெரியும் சில இடைவெளிகளை விட்டு, உலர்ந்தபின் நடுப்பச்சையையும் அதன்மேல் வெளிச்சப் பச்சையையும் பரப்பைக் குறைத்துக்கொண்டே பூசி வாருங்கள். மாவின் இளந்தளிர் செம்பு நிறத்தில் துளிர்த்து, பிறகே பச்சையாகும். பர்ன்ட் சியன்னாவில் கிரிம்சனும் சிறிது வெள்ளையும் கலந்து கிளை நுனிகளில் நான்கைந்து இடங்களில் மட்டும் தொட்டால், பார்ப்பவர் இது மாமரம் என்று சொல்லாமலே அறிவார். மரத்தடி நிழலுக்கு அல்ட்ராமரீன், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா மூன்றையும் கலந்து, ஆக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத வெறும் பசை) சேர்த்து மெல்லிய பூச்சாக்கிச் செம்மண்மேல் படரவிடுங்கள். இங்கே நீரை மட்டும் நிறைய ஊற்றினால் பசை தளர்ந்து வண்ணத்தின் பிடிமானம் குறையும். ஆகவே மீடியம் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம்.

ஏழாம் படி: தூரிகையும் பாதுகாப்பும்

வேலைக்கு இடையில் தூரிகையை உலரவிடாதீர்கள். தலைகீழாக நீரில் ஊன்றியும் வைக்காதீர்கள், இழை வளைந்துவிடும். முடித்ததும் துணியில் நன்றாகத் துடைத்து, சோப்பிட்டு, அடிப்பகுதியில் நிறம் முழுதும் நீங்கும்வரை கழுவிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். கழுவிய நீரை உடனே சாக்கடையில் கொட்டாமல் ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் படிந்த கசடைப் பழைய செய்தித்தாளில் வழித்து உலர்த்திக் குப்பையில் சேருங்கள். படம் தொடுவதற்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், வார்னிஷ் பூசுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் காத்திருப்பது நல்லது.