ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்: டூர் பஸ்ஸா, நடையா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹைலேண்ட்ஸ் என்ற மலைப்பிரதேசத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதன் பலன். வந்த இரண்டாம் நாள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஹைலேண்ட்ஸை டூர் பஸ்ஸில் சுற்றலாமா, இல்லை நடந்தே பார்க்கலாமா?"

இரண்டையும் செய்திருக்கிறேன். முதலில் மாமனார், மாமியாரோடு நான்கு நாள் கோச் (பெரிய டூர் பஸ்) பயணம். மூன்று வருடம் கழித்து நானும் கணவரும் வெஸ்ட் ஹைலேண்ட் வே பாதையில் எட்டு நாள் நடை. விருந்தாளிகளிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

படி 1: லாக் லோமண்டின் இரண்டு கரைகளையும் வரைபடத்தில் பாருங்கள்

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே கிளம்பினால் முதலில் வருவது லாக் லோமண்ட் ஏரி. நீளம் சுமார் 36 கி.மீ. மேற்குக் கரையோடு ஏ82 நெடுஞ்சாலை ஓடுகிறது. டூர் பஸ்கள் எல்லாம் அதில்தான் போகும். கிழக்குக் கரையில் ரோவர்டெனன் என்ற இடத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் கரையோரமாக வடக்கே போக நடைபாதை மட்டும்தான்.

நாங்கள் கிழக்குக் கரையில் வேர்களைப் பிடித்துப் பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் ஒரு வெள்ளை கோச் சத்தமில்லாமல் நகர்ந்து போனது. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு பஸ்ஸில் கண்ணாடியோரம் உட்கார்ந்து நானும் இந்தக் கரையைப் பார்த்திருக்கிறேன். "அங்கே என்ன இருக்கிறது, வெறும் மரம்தானே" என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாதையைப் பற்றி இரண்டு வரி. வெஸ்ட் ஹைலேண்ட் வே 1980இல் திறக்கப்பட்டது. கிளாஸ்கோ அருகே உள்ள ஓர் ஊரில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ. தொடங்கும் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் 'மில்ன்கேவி' என்றுதான் படிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'மல்கை'. டிக்கெட் எடுக்கும்போது உதவும்.

படி 2: எதைத் தாங்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் நடைதான் என்பார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கிறதே! அந்தக் கேள்வியால் பிரயோசனம் இல்லை. இரண்டிலும் ஒரு மோசமான நேரம் கட்டாயம் வரும். எந்த மோசமான நேரம் உங்களுக்குப் பரவாயில்லை என்று பாருங்கள்.

டூர் பஸ்ஸின் மோசமான நேரம் இப்படி இருக்கும். கிளென்கோ பள்ளத்தாக்கில் 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்ற மூன்று மலைமுகடுகளுக்கு எதிரே வண்டி நிற்கிறது. கைடு பதினைந்து நிமிடம் தருகிறார். 1692 பிப்ரவரி 13 விடியற்காலை இதே பள்ளத்தாக்கில், வீட்டில் விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படைவீரர்களே மெக்டொனால்டு குலத்தவரில் 38 பேரைக் கொன்றதை அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார். மனது கனத்து இறங்குகிறீர்கள். மேகம் மெல்ல விலகி, இரண்டாவது முகடு தெரியத் தொடங்கும்போது ஹாரன் அடிக்கிறது. "இப்பத்தான் இறங்கினோம், அதுக்குள்ள ஏறச் சொல்றாங்களேம்மா" என்று என் அத்தை புலம்பிக்கொண்டே ஏறினார். அடுத்த ஊரில் ஒரு நினைவுப் பொருள் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அது கைடின் கொடுமை இல்லை. ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த ஓய்வை, கழிப்பறையும் டீயும் உள்ள இடத்தில்தான் வைப்பார்கள்.

நடையின் மோசமான நேரம் வேறு மாதிரி. ரன்னோக் மூர் என்ற சதுப்புப் பொட்டலை டூர் பஸ் இருபது நிமிடத்தில் கடந்துவிடும். நடந்தால், இன்வெரோரன் என்ற இடத்திலிருந்து கிங்ஸ்ஹவுஸ் விடுதி வரை சுமார் 16 கி.மீ. பாதையோரம் கடை இல்லை, ஒதுங்கக் கூரை இல்லை, மரமும் அநேகமாக இல்லை. எங்களுக்குப் பாதி வழியில் மழை பிடித்தது. மேலிருந்து கொட்டவில்லை, பக்கவாட்டில் வந்து அடித்தது. கணவர் அன்று ஜீன்ஸ் போட்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நனைந்த ஜீன்ஸ் தொடையில் உரசி உரசி, கடைசி ஐந்து கி.மீ. அவர் என்னிடம் பேசவே இல்லை. ஹாரன் அடித்துக் கூப்பிட அங்கே யாரும் கிடையாது. நின்றாலும் நனைவோம், நடந்தாலும் நனைவோம்.

இந்த இரண்டில் எது உங்களை அதிகம் எரிச்சல்படுத்தும்? அடுத்தவர் கடிகாரத்துக்கு ஆடுவதா, ஈரத்தோடு நீங்களே முடிவெடுப்பதா? பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: நேரக் கணக்குப் போடுங்கள்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம்.

கிங்ஸ்ஹவுஸிலிருந்து கின்லாக்லெவன் என்ற ஊர் வரை 14 கி.மீ. தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம். நடுவில் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் (சாத்தானின் படிக்கட்டு) என்ற வளைவு வளைவான ஏற்றம், சுமார் 250 மீட்டர்; அதற்கு 25 நிமிடம். மொத்தம் 3 மணி 13 நிமிடம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து மணி நேரம். நெய்ஸ்மித் சொன்னது நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். இட்லிப்பொடி தடவிய சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட்டது, படம் எடுத்தது, பூட்ஸைக் கழற்றி மாட்டியது எதுவும் அதில் சேராது. அதனால் புதியவர்கள் கணக்கில் வந்த விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெயரைக் கேட்டு எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அதன் உச்சியில், 548 மீட்டர் உயரத்திலிருந்து கின்லாக்லெவனில் கடல் மட்டம் வரை இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைப் பாடாய்ப்படுத்துவது இந்த இறக்கம்தான்.

படி 4: இரண்டாம் நாள் காலைச் சோதனை

ஒரு சனிக்கிழமை 15 கி.மீ. நடந்து பாருங்கள். எந்த ஊரானாலும் சரி, பார்க்கைச் சுற்றிச் சுற்றி நடந்தாலும் சரி. போகப்போகும் அதே பூட்ஸ், அதே பை. அன்று இரவு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்று எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஞாயிறு காலை எழுந்து அதே பூட்ஸுக்குள் காலை விட்டு இன்னொரு 15 கி.மீ. கிளம்ப முடிகிறதா? முடிந்தால் நடைப்பயணத்துக்கு நீங்கள் தயார். "ஐயோ" என்று மறுபடி படுத்துவிட்டால், நாள் முழுக்க நடக்கும் பயணம் இந்த வருடம் வேண்டாம்.

பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் "இதென்ன பிரமாதம்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் பாதயாத்திரையில் வழியெல்லாம் தண்ணீரும் மோரும் தர ஆள் இருப்பார்கள், கூட ஒரு கூட்டமே வரும். இங்கே பகல் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: மாதத்தைப் பாருங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி. கொசுவை விடப் பல மடங்கு சிறியது. ஆனால் ஒன்று கடிக்காது, ஆயிரம் சேர்ந்து கடிக்கும். காற்று அடித்தால் பறக்காது. காற்று நின்ற காலையிலும் மாலையிலும், ஏரியோரத்தில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த கணத்தில் முகத்தை மொய்த்துவிடும். தலைக்கு மாட்டும் வலைப்பை வாங்கிக்கொள்ளுங்கள். நடைக்கு நல்ல மாதம் மே. செப்டம்பர் கடைசியும் மோசமில்லை. புல்லில் நடந்த நாளில் முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இரவு பார்த்துவிட்டுப் படுக்கவும்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில்தான் லீவு கிடைக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், டூர் பஸ்.

படி 6: காசு

நடந்தால் மிச்சம் என்று நினைக்காதீர்கள். நடப்பது இலவசம், படுப்பதற்குத்தான் காசு. இன்வெரார்னன், கிங்ஸ்ஹவுஸ் போன்ற இடங்களில் படுக்கைகள் எண்ணிச் சொல்லும் அளவுதான். மே மாதத்துக்கு அதற்குப் பல மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. பெரிய பையை அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை இருக்கிறது. வீராப்பு பார்க்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அறைகளையும் பையையும் ஏற்பாடு செய்துவிட்டு நடையை மட்டும் நம்மிடம் விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு. புதியவர்களுக்கு அதுதான் சௌகரியம். டூர் பஸ்ஸில் தனியாகப் போகிறவர்கள், தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 7: டூர் பஸ் என்று முடிவானால்

கேட்க வேண்டியது மூன்று. எத்தனை இருக்கை? ஐம்பது பேர் போகும் கோச் என்றால் எல்லோரும் இறங்கி ஏறவே பத்து நிமிடம் போய்விடும். பதினாறு பேர் போகும் சின்ன வண்டி எவ்வளவோ தேவலை. தினமும் இருக்கை மாறுமா? எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் லாக் நெஸ் ஏரிக்குப் போய்த் திரும்பும் டூரா? அப்படியென்றால் சுமார் 12 மணி நேரம், அதில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பீர்கள். வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இரண்டு, மூன்று நாளாக எடுங்கள்.

வடக்கே போகும்போது லாக் லோமண்ட் உங்களுக்கு வலப்பக்கம் வரும். இருக்கை பிடிக்க இது போதும்.

படி 8: இன்னும் குழப்பமா? ஒரே ஒரு நாள் நடந்து பாருங்கள்

என் விருந்தாளிகளில் பாதிப் பேரை நான் அனுப்பி வைப்பது இதற்குத்தான். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஃபோர்ட் வில்லியம் ரயிலில் ஏறி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்ற சிற்றூரில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே டின்ட்ரம் என்ற ஊர் வரை வெஸ்ட் ஹைலேண்ட் வே பாதையில் 11 கி.மீ. 18ஆம் நூற்றாண்டில் படைவீரர்கள் போட்ட பழைய சாலை அது. பெரிய ஏற்றம் இல்லை, வழி தவற வாய்ப்பும் குறைவு. பென் டோரன் மலை கோபுரம் மாதிரி கூம்பி நிற்கும்; அதன் அடிவாரத்தில், காலையில் நீங்கள் வந்த ரயில் பாதை குதிரை லாடம் போல வளைந்து போவதைக் கீழிருந்து பார்க்கலாம்.

ஏன் தெற்கு நோக்கி? டின்ட்ரத்தில் கடை, கழிப்பறை, கிளாஸ்கோ திரும்ப ரயில், பஸ் எல்லாம் இருக்கிறது. பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியில் நடையை முடித்து ரயிலைத் தவறவிட்டால், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. கிளம்பும் முன் நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஆபத்து என்றால் 999க்கு அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக்குழு என்று கேட்கவேண்டும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்தப் பாதையில் பெரும்பாலோர் வடக்கு நோக்கித்தான் நடப்பார்கள், அதனால் அத்தனை பேரும் உங்களுக்கு எதிரே வருவார்கள். ஐந்து நாள் நடந்து வந்தவர்களின் முகத்தையும் நடையையும் நேராகப் பார்க்கலாம். சிலர் நொண்டுவார்கள். கேட்டால் நின்று பேசுவார்கள்.

டின்ட்ரம் வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்துக்குள் நுழையுங்கள். டூர் பஸ்காரர்களும் நடைக்காரர்களும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் காலுறையைப் பிழிந்துவிட்டு வந்திருப்பார். இரண்டு பேரிடமும் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள், இந்தக் கட்டுரையை விட அது உதவும். சைவம் என்றால் ஒன்று மட்டும்: பருப்பு சூப் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசையாக வாங்கிவிடாதீர்கள். இங்கே அதைப் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வது வழக்கம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.