நகர ஃபைபர் வலையமைப்பை மலிவாக வடிவமைப்பது எப்படி: ஐந்தே இடங்களில் ஒரு பயிற்சி

நகரத்துக்குள் ஐந்து கட்டடங்களை ஃபைபரால் இணைக்க வேண்டும். எந்தத் தெருவில் தோண்டுவது, எதை விடுவது? ஐந்து இடம் என்றால் காகிதத்திலேயே போட்டுவிடலாம். நாற்பது லிங்க் வந்தால், ஒவ்வொன்றுக்கும் 'போடு, விடு' என்று இரண்டு வாய்ப்பு வீதம், மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். அப்போதுதான் மிக மலிவான விடையைத் தேடித் தரும் உகப்பாக்க மென்பொருள் (சால்வர்) தேவைப்படுகிறது. சின்னக் கணக்கிலேயே பழகிவிட்டால் பெரியதும் அதே வேலைதான்.

படி 1: தூரத்தை அல்ல, செலவை எழுதுங்கள்

மையத்தை 'ம' என்போம். மற்ற நான்கும் அ, ஆ, இ, ஈ. தெரு வழியாகப் போடக்கூடிய லிங்க்குகள் ஏழு: ம–அ 4 கி.மீ., ம–ஆ 6, அ–ஆ 3, ஆ–இ 5, இ–ஈ 4, ம–ஈ 7, அ–இ 7. வான்வழித் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், கேபிள் தெருவைச் சுற்றித்தான் போகும்.

நகரத்தில் பணத்தைத் தின்பது கண்ணாடி இழை அல்ல, குழி தோண்டுவதும் சாலையை மூடுவதும்தான். அதனால் கிலோமீட்டருக்கு 10 அலகு என்று வைப்போம். ம–ஆ தெருவில் மட்டும் பழைய டக்ட் (கேபிள் போடும் நிலத்தடிக் குழாய்) காலியாகக் கிடக்கிறது. கேபிளை இழுத்தால் போதும், கிலோமீட்டருக்கு 2 அலகு. ஆக அந்த லிங்க்குக்கு 60 அல்ல, 12. எந்தத் தெருவில் டக்ட் காலியாக இருக்கிறது என்று விசாரிக்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, கணக்கையே புரட்டிப்போடும் தகவல் அது.

படி 2: மிக மலிவான மரம்

சுற்று இல்லாமல் எல்லாரையும் இணைக்கும் அமைப்பை மரம் என்பார்கள். அதில் மலிவானதைக் கண்டுபிடிப்பது பழைய கணக்கு. 1926இல், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் மின்கம்பிகளுக்காகக் கணித அறிஞர் ஒட்டகார் பொருவ்கா இதைத் தீர்த்தார். பின்னாளில் வந்த ஒரு முறை இன்னும் சுலபம்: லிங்க்குகளை விலைப்படி வரிசைப்படுத்தி, மலிவானதிலிருந்து எடுத்துக்கொண்டே போங்கள், சுற்று உண்டாக்கும் லிங்க்கை மட்டும் தள்ளுங்கள். நமக்குக் கிடைப்பது ம–ஆ, அ–ஆ, இ–ஈ, ஆ–இ: 12+30+40+50 = 132.

மலிவுதான். ஆனால் யாராவது ஒரு பொக்லைனை ம–ஆ தெருவில் இறக்கினால் நான்கு கட்டடமும் இருட்டு.

படி 3: அறுந்தாலும் ஓட வேண்டும்

மரத்தின் நுனியில் இருக்கும் அ, ஈ இரண்டுக்கும் ஆளுக்கொரு லிங்க் சேர்த்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஈ-க்கு ம–ஈ (70), அ-வுக்கு ம–அ (40). மொத்தம் 242.

இதையே சால்வரிடம் கேட்டால் 222 என்கிறது! ம–ஆ–அ–இ–ஈ–ம என்று ஒரே ரிங். மரத்தில் இருந்த ஆ–இ லிங்க்கையே தூக்கிவிட்டு, 7 கி.மீ. அ–இ-யை எடுத்திருக்கிறது. ரிங்கின் நீளம் 27 கி.மீ. தூரத்தில் மிகக் குறுகிய ரிங் (ம–அ–ஆ–இ–ஈ–ம) 23 கி.மீ.தான், ஆனால் அதற்கு 230 ஆகும். முதலில் மலிவு, அப்புறம் ஒட்டு என்று போனால் எங்கே இடறும் என்பது இந்த ஐந்து புள்ளியிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 4: மாடல் எழுதுவது

கணக்கைச் சால்வருக்குப் புரியும்படி எழுதுவதுதான் மாடல். பைத்தான் நிரல்மொழியில் பல்ப் (PuLP) என்ற இலவச நூலகம் தொடங்குவதற்குப் போதும். சிபிசி, ஹைஸ் போன்ற சால்வர்களை அதுவே அழைக்கும். எழுத வேண்டியவை இவை:

- ஒவ்வொரு லிங்க்குக்கும் 0 அல்லது 1: தோண்டுகிறோமா இல்லையா.
- ஒவ்வொரு லிங்க்கிலும் எத்தனை 10 ஜிகாபிட் போர்ட் ஜோடி (லிங்க்கின் இரு முனையிலும் கேபிளைச் செருகும் இணைப்பு வாய்கள்) என்ற முழு எண். ஒரு ஜோடி 3 அலகு என்று வைப்போம்.
- எந்தத் திசையில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது.
- கட்டுப்பாடு: ஒவ்வொரு கட்டடத்தின் தேவையும் மையத்தைச் சேர வேண்டும். அ 4, ஆ 3, இ 3, ஈ 2 ஜிகாபிட். தோண்டாத லிங்க்கில் எதுவும் ஓடக் கூடாது.

தேவைக் கட்டுப்பாட்டை நான் முதன்முதலில் மறந்துவிட்டேன். 'எதையும் கட்டாதே, செலவு 0' என்று பதில் வந்தது. அதன் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் சொன்னது.

'தோண்டாவிட்டால் ஓடாது' என்பதை எழுத, ஓட்டம் ≤ பெரிய எண் × (0 அல்லது 1) என்று போடுவார்கள். அந்தப் பெரிய எண்ணைப் பத்து கோடி என்று வைக்காதீர்கள். 12 ஜிகாபிட் ஓட 0.00000012 அளவு தோண்டினால் போதும் என்றாகிவிடும். சால்வர் அதைப் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளும். மொத்தத் தேவையே 12தான், 12 போடுங்கள்.

அறுதலுக்கு, ஒவ்வொரு லிங்க்கும் அறுந்த நிலைக்குத் தனித்தனியாக ஓட்டத்தை எழுத வேண்டும். தோண்டுவதும் போர்ட்டும் மட்டும் எல்லா நிலைக்கும் பொது. ம–ஆ அறுந்தால் 12 ஜிகாபிட்டும் ம–ஈ வழியே வர வேண்டும், ஒரு போர்ட் ஜோடி போதாது. எதிர்ப்பக்கம் அறுந்தாலும் அதே கதை. ஆக அந்த இரண்டு லிங்க்குக்கும் இரண்டிரண்டு, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று: 7 ஜோடி, 21 அலகு. மொத்தம் 243.

தாமதத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பார்கள். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோ நொடிதான். நகர அளவில் விட்டுவிடலாம், மாடல் கனமாவதுதான் மிச்சம்.

படி 5: பதிலைச் சீண்டிப் பாருங்கள்

பெரிய கணக்கில் சால்வர் மணிக்கணக்கில் ஓடும். உத்தம விடைக்கு 1–2 சதவீதம் நெருங்கியதும் நிறுத்திவிடுங்கள். தோண்டும் செலவை நாம் மதிப்பிட்டதே அவ்வளவு துல்லியம் கிடையாது.

அதைவிட எண்களை மாற்றி ஓட்டுவது பயனுள்ளது. போர்ட் ஜோடியின் விலை 20 ஆனால், மையத்திலிருந்து மூன்று வழி இருப்பதால் 6 ஜோடியே போதும் என்கிற அந்த 242 அமைப்பும் நம் ரிங்கும் 362-இல் சமமாகிவிடும்.

இன்னொன்று, வரைபடத்தில் தெரியாதது. ம-வை விட்டு வெளியேறும் ம–ஆ, ம–ஈ இரண்டும் ஒரே பாலத்தின் அடியில் போகின்றன என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாக அறுகிற நிலையை எட்டாவதாகச் சேர்த்து ஓட்டினால் விடை 251. ம–அ வழியே போகும் 23 கி.மீ. ரிங் திரும்பி வந்துவிட்டது, பழைய டக்ட் சும்மா கிடக்கிறது.