மோட்டார்ஹோம் டயர்: பட்டனை நம்பாதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸில், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியான பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். ஃபோர்டு இ-450 வண்டி, ஆறு டயர்: முன்னே இரண்டு, பின்னே பக்கத்துக்கு ஒரு ஜோடி. "டயரெல்லாம் புதுசு மாதிரி" என்றார் விற்றவர். விரலை விட்டுப் பார்த்தேன், பட்டன், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள வரிப்பள்ளம், ஆழமாகத்தான் இருந்தது. 2024 ஜூலையில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் போகும் ஐ-17 நெடுஞ்சாலை ஏற்றத்தில், பின்பக்க ஜோடியில் உள் டயரின் மேல்தோல் உரிந்து அடித்தது. தகரம் பிய்ந்தது, கழிவுநீர்க் குழாய் உடைந்தது. உள்ளே மனைவியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து-எண் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2215. அதாவது 2015-இன் 22-ஆவது வாரம், மே மாதக் கடைசி. ஒன்பது வயது! இந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கலாம். வெளியே காணோம் என்றால் கீழே குனிந்து, போனை நீட்டிப் படம் எடுங்கள்.

லாரி டயர் ஓடித் தேயும். நம்முடையது நின்றே கெடும். ரப்பரைக் காக்கக் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளிந்தால்தான் மேலே கசிந்து வரும். மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் பக்கவாட்டில் முடி போல வெடிப்பு விழும். ஐந்து வயதானதும் ஆண்டுக்கொருமுறை டயர்க்கடையில் காட்டுங்கள். அரிசோனா வெயிலுக்கு நான் ஆறு வயதில் மாற்றிவிடுகிறேன். பத்து தாண்டியதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓட்டவே கூடாது.

காற்றை விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கூடும். ஓடிச் சூடானபின் கூடியதாகத் தெரிகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். எவ்வளவு அடிப்பது என்பதை எடைதான் சொல்லும். தண்ணீர், பெட்ரோல், ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை போட்டு, டயர் நிறுவனத்தின் எடை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. அதன் சுமையையும் பக்கத்து டயர் சுமந்துகொண்டே ஓடும். ஆறு சக்கரத்துக்கும் காற்றழுத்தம் காட்டும் சென்சார் போட்டது நான் செய்த நல்ல செலவு.

நிறுத்தும்போது டயர்களுக்கு வெள்ளை உறை போடுங்கள். வண்டி மட்டமாக நிற்க டயருக்கடியில் பலகை வைத்தால் டயரின் முழு அகலமும் அதன்மேல் உட்கார வேண்டும், ஜோடியில் இரண்டுமே. கழுவ சோப்புத் தண்ணீர் போதும். பளபளப்புக்காகப் பூசும் பெட்ரோலிய எண்ணெய்கள் வேண்டாம்.

புது டயரையும் மாட்டுவதற்கு முன் தேதி பாருங்கள். எனக்குக் கொண்டுவந்த ஆறில் இரண்டு, கிடங்கில் இரண்டு வருடம் கிடந்தவை. மாற்றித் தரச் சொன்னேன், தந்தார்கள். உள்ளே போகும் இரண்டின் எண்களையும் அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.